அவர் பெயர் இருந்த வரி

எண்பத்தொன்பதாம் வருடம், தை மாதம். அப்போது நான் திண்டிவனத்தில் இருந்து தினமும் காலை பாசஞ்சரில் விழுப்புரத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நிலக்கடலை, அதாவது எங்கள் பக்கத்து மல்லாட்டை வாங்கி, எண்ணெய் ஆட்டி விற்கிற கம்பெனி அது. ஆலை திண்டிவனத்தில், தலைமை அலுவலகம் விழுப்புரத்தில், ஸ்டேஷனில் இருந்து நடக்கிற தூரம். யாருடைய பெயரையும் நான் இங்கே சொல்லப் போவதில்லை. நடந்தது முழுக்கப் பெயரைப் பற்றியதுதான் என்றாலும் சொல்லப் போவதில்லை.

அதற்கு முந்தைய வருடம்தான் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். ஒரு ஏ.சி. அறையில் பெரிய பெட்டி ஒன்று. அதில் இருந்து வயர் இழுத்து மேசைக்கு மேசை ஒரு திரை, டெலிபோன் லைன் வழியாகத் திண்டிவனம் ஆலைக்கும் இரண்டு. சர்வர், நெட்வொர்க் என்று நான் சொன்னால் ஊரில் பாதிப் பேர் ஏதோ வியாதியின் பெயர் என்று நினைத்தார்கள். மெட்ராஸில் ஒரு வருடம் கோர்ஸ் படித்துவிட்டு வந்திருந்ததால் அத்தனைக்கும் நான்தான் பொறுப்பு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் வர வேண்டும். மேனேஜரே வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தலையில் கொம்பு முளைத்தது போல இருக்கும். வயது இருபத்து மூன்று, வேறு எப்படி இருக்கும்?

சர்வருக்குள் ஒரு பெயர்ப் பட்டியல் உண்டு. அலுவலகத்தில் யார் யார், எந்தப் பிரிவு, எந்தக் கணக்கைப் பார்க்கலாம், எதைத் தொடக் கூடாது, எல்லாம் அதற்குள்தான். காலையில் வந்து திரையின் முன் உட்கார்ந்து பெயரை அடிக்க வேண்டும். பெயர் பட்டியலில் இருந்தால் பாஸ்வேர்ட் கேட்டு உள்ளே விடும். இல்லாவிட்டால் முதலாளியே ஆனாலும் வெளியேதான். புதிதாக வந்தவர்களின் பெயரை அதில் ஏற்றுவதும் போனவர்களின் பெயரை எடுப்பதும் என் வேலை. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் சொல்வது போல அவரவர் என் பக்கத்தில் பவ்யமாக நின்று பெயரைச் சொல்வார்கள். நானும் குருக்கள் மாதிரி நிமிர்ந்து பார்க்காமல் அடிப்பேன்.

கொள்முதல் பிரிவில் ஒருவர் இருந்தார். கிளியனூர்க்காரர், முப்பது வயதுக்குள். எந்த ஊர் விவசாயி எத்தனை மூட்டை கொண்டுவந்தார், எடை என்ன, ஈரம் என்ன என்று கணினியில் ஏற்றுகிற வேலை. மற்றவர்கள் கீபோர்டைத் தொடவே பயந்த நாட்களில் முதலில் வந்து உட்கார்ந்தவர் அவர்தான். பாஸ்வேர்ட் வைக்கச் சொன்னபோது, “அந்தப் பக்கம் திரும்பிக்கோம்மா” என்று என்னிடம் சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே எதையோ அடித்தார். அந்த ஐப்பசி மழையில் விக்கிரவாண்டி தாண்டி மொபெட்டில் வரும்போது லாரி மோதி, அந்த இடத்திலேயே போய்விட்டார்.

வேலையில் இருக்கும்போது இறந்தவர் வீட்டில் ஒருவருக்கு வேலை கொடுப்பது எங்கள் முதலாளியின் வழக்கம். இறந்துபோனவருடைய அம்மா, இளைய மகனுக்குக் கேட்டார். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த பையன். முதலாளி, மனைவிக்குத்தான் முதல் உரிமை என்றார். பத்தாவது பாஸ், டைப்ரைட்டிங் லோயர் முடித்தவர். மூன்று மாதம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் தம்பியைப் போடுவோம் என்று முடிவானது. அப்படித்தான் தை மாதம் அந்தப் பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். நான் அக்கா என்றேன். அவர் என்னை மேடம் என்றார், எவ்வளவு சொல்லியும் மாற்றவில்லை.

பட்டியலில் புதுப் பெயர் ஏற்ற முடியாத சிக்கல் ஒன்று இருந்தது. நாங்கள் வாங்கியிருந்த சாஃப்ட்வேரில் இத்தனை பெயருக்குத்தான் இடம் என்று கட்டுப்பாடு. அது நிறைந்துவிட்டது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “எதுக்கும்மா புதுசா? அவன் பேர்லயே உக்கார வெச்சுடு. பழைய கணக்கெல்லாம் அதுலதான இருக்குது” என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவருடைய பழைய பாஸ்வேர்டை நீக்கிவிட்டுச் சுலபமான ஒரு வார்த்தையைப் போட்டு வைத்தேன்.

முதல் நாள் அவரை அதே மேசையில், அதே நாற்காலியில் உட்கார வைத்தேன். கறுப்புத் திரையில் பெயர் கேட்டு பச்சைக் கோடு ஒன்று மின்னிக்கொண்டிருந்தது.

“உங்க வீட்டுக்காரர் பேரை அடிங்கக்கா.”

அவர் விரல்களைச் சரியாக வைத்தார். டைப்ரைட்டிங் படித்தவர்களின் கை எனக்குத் தெரியும், அது பழகின கைதான். ஆனால் ஒரு எழுத்துகூட விழவில்லை. நான் காத்திருந்தேன். பிறகு பொறுமை போனது. “இங்கிலீஷ் எழுத்து தெரியும்ல?” என்றேன்.

“தெரியும் மேடம். அவரு பேரை நான் சொன்னதில்லீங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்காரர் பெயரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என் அம்மாவும் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால், “நீ சொல்லுடி” என்று என் பக்கம் திரும்புவார். தெரியாத விஷயமா? ஆனால் கீபோர்டுக்குமா?

“சொல்ல வேணாம்க்கா, அடிச்சா போதும். அதுவும் இல்லாம, அவரே போயிட்டாரு. இனிமே குறையறதுக்கு என்ன இருக்கு?”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

“ஒரு வாட்டிகூட சொல்லாமத்தான் மேடம் இருந்தேன். அப்பவும் குறைஞ்சி போச்சு. இப்ப சொன்னேன்னு வைங்க, அத்தினி வருசம் சொல்லாம இருந்ததுக்கு அர்த்தமே இல்லாம பூடும்.”

நானே குனிந்து அந்தப் பெயரை அடித்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றில் இருந்து தினமும் காலையில் முதல் வேலை இதுதான். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவர் மேசைக்குப் போய்ப் பெயரை அடித்து உள்ளே விட்டுவிட்டு வருவேன். அதற்குப் பிறகு பாருங்கள், அந்த விரல்கள் ஓடுகிற வேகத்தை. கணவரைவிட வேகம். ஒரு எடை தப்பாகாது, ஒரு மூட்டை விடாது.

கிளியனூரில் இருந்து டவுன் பஸ்ஸில் திண்டிவனம் வந்து, அவரும் நான் போகும் ரயிலில்தான் வருவார். போகப் போக எனக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைப்பார். பேச்சு குறைவு. வேர்க்கடலை உருண்டையோ கேப்பை அடையோ பொட்டலத்தைப் பிரித்து நீட்டுவார். ஒரு நாள் மயிலம் தாண்டும்போது சம்பந்தமில்லாமல் கேட்டார்.

“மேடம், அவரு அதுல ஒரு வார்த்த வெச்சிருந்தாருன்னு சொன்னீங்களே. இன்னா வார்த்த அது?”

பாஸ்வேர்டைக் கேட்கிறார். அது யாருக்கும் தெரியாது, எனக்கும் காட்டாது, மாற்ற மட்டும்தான் முடியும், நீங்கள் வருவதற்கு முன்பே மாற்றிவிட்டேன் என்று விளக்கினேன்.

“பாப்பா பேரா இருக்குமோ?”

“இருக்கலாம்க்கா.”

“மாத்தறதுக்கு முன்ன எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ரெண்டு மூணு பேரு போட்டுப் பாத்திருப்பேனே” என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஒரு பொருள் தொலைந்துவிட்டது என்று சொல்கிற குரல்தான். எனக்குத்தான் மீதி வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

பங்குனியில் மல்லாட்டை வரத்து கூடியது. ஒரு நாள் என்னைத் திண்டிவனம் ஆலைக்கே போகச் சொல்லிவிட்டார்கள், அங்கே ஒரு திரை பழுது. அன்று விழுப்புரத்தில் என்ன நடந்தது என்பதை மறுநாள்தான் தெரிந்துகொண்டேன். மேல்சித்தாமூர் பக்கத்தில் இருந்து வந்த விவசாயிகள் காலையில் இருந்து வராந்தாவில் எடைச் சீட்டுக்குக் காத்திருந்திருக்கிறார்கள். இந்தப் பெண் மின்னுகிற திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்திருக்கிறார். பக்கத்து மேசைக்காரரிடம் பெயரை அடித்துத் தரச் சொல்லிக் கேட்டதற்கு, அவர் சுவரைக் காட்டியிருக்கிறார். ஒருவர் பெயரில் இன்னொருவர் நுழையக் கூடாது என்று நான் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்த காகிதம் அங்கே இருந்தது. மதியம் மேனேஜர் வந்து பார்த்துவிட்டுக் கத்தித் தீர்த்துவிட்டார். நாள் முழுக்க ஒரு சீட்டுகூடப் போகவில்லை.

மறுநாள் நான் போய் நின்றதும் என் மீதும் பாய்ந்தார். “இன்னாம்மா இது பேஜாரு? புருசன் பேரை அடிக்க மாட்டேன்றதுக்கா சம்பளம்? மொதலாளிக்குத் தெரிஞ்சா என்னைத்தான் கேப்பாரு. தம்பிக்காரனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன்.”

“சார், இவங்க பேர்லயே ஒண்ணு போட்டுக் குடுத்துட்டா பிரச்சனையே இல்ல.”

“எடம் எங்கம்மா இருக்குது?”

“அவர் பேரை எடுத்தா இடம் வரும் சார். கணக்கையெல்லாம் முதல்ல வேற இடத்துக்கு மாத்திடறேன். ஒண்ணும் போகாது.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “சரி. திங்கக்கெழமை காலைல அந்த சீட்டுல ஒருத்தர் தானா உள்ள போயி வேலை பாக்கணும். அந்தப் பொண்ணோ, தம்பியோ, யாரா இருந்தாலும் சரி” என்றார். அன்று வியாழன்.

அன்று மாலையே தம்பி வந்துவிட்டான். ஒல்லியான பையன், சட்டையை இன் பண்ணி, தலையைப் படிய வாரியிருந்தான். மேனேஜர் அவனை உட்காரவைத்து அடிக்கச் சொன்னார். “எங்க அண்ணன் பேருதான சார், நூறு வாட்டி அடிப்பேன்” என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தான். பெயர் முழுதாகத் திரையில் வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டான். அவனையும் எப்படிக் குற்றம் சொல்வது? அவனுக்கும் வேலை வேண்டும், அவனுக்கும் அண்ணன் போய்விட்டான்.

சாயங்கால ரயிலில் நான் அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். நல்ல செய்தி சொல்கிற சந்தோஷத்தில்தான் சொன்னேன். இனிமேல் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம், உங்கள் பெயரை நீங்களே அடித்துக்கொண்டு போகலாம், திங்கட்கிழமையில் இருந்து கவலையே இல்லை. அவர் அதில் ஒன்றை மட்டும்தான் பிடித்துக்கொண்டார்.

“அவரு பேரை எடுத்துடுவீங்களா?”

“எடுத்தாத்தான்க்கா உங்க பேரைப் போட முடியும்.”

“ரேஷன் கார்டுல அடிச்சிட்டாங்க. ஓட்டு லிஸ்ட்டுல அடிச்சிட்டாங்க. கூட்டுறவு சங்கத்துல அடிச்சிட்டாங்க. அங்கெல்லாம் கேக்கும்போது பாப்பாதான் அப்பா பேரைச் சொல்லுச்சு, அவங்க செவப்பு மையில கோடு போட்டாங்க. இங்க ஒண்ணுதான் மேடம் இன்னும் உயிரோட இருக்கற மாதிரி பேரு இருக்குது. நீங்க தெனம் காலைல அத அடிக்கும்போது, அவரு உள்ள போறாருன்னு நெனச்சிக்குவேன். நான் பாக்கறதில்ல, ஆனா சத்தம் கேக்கும்ல.”

ரயில் பேரணியில் நின்று கிளம்பியது. அப்படியானால் வேலை என்ன ஆவது என்று கேட்டேன். அப்போதுதான் அவர் வீட்டுக் கதையைச் சொன்னார். வேலை தம்பிக்குப் போய்விட்டால் இவர் அப்பா வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று மாமியார் சொல்லிவிட்டாராம். குழந்தையை அனுப்ப மாட்டாராம். “எம்மவன் புள்ள எங்கிட்டதான் இருக்கும், நீ வேணும்னா போ” என்று ஒரு தடவை இல்லை, தினமும். பெண் குழந்தை, இரண்டாவது படிக்கிறது. வேலை இருந்தால் எதிர்த்துப் பேசலாம், தனியாகவாவது இருக்கலாம். இல்லாவிட்டால் அப்பா வீட்டில் அண்ணன் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டும். அதைச் சொல்லும்போதும் அவர் அழவில்லை. பொட்டலம் கட்டியிருந்த நூலை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். திண்டிவனம் வந்தது. “வர்றேன் மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய்விட்டார்.

அன்று ராத்திரி முழுக்க வேறு வழி ஏதாவது உண்டா என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். வேறு யாருடைய பெயரை எடுப்பது? எல்லோரும் தினமும் வேலை பார்க்கிறவர்கள். வெள்ளிக்கிழமை காலை, சாஃப்ட்வேர் விற்ற மெட்ராஸ் கம்பெனிக்கு ட்ரங்க் கால் போட்டுக் கேட்டேன். இன்னும் பெயர்களுக்கு இடம் வேண்டும் என்றால் புதிதாக வாங்க வேண்டும் என்றார்கள். மேனேஜரிடம் அதைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

சனிக்கிழமை அரை நாள் வேலை. எல்லோரும் கிளம்பிய பிறகு அவர் வந்து ஏ.சி. அறை வாசலில் செருப்பைக் கழற்றினார்.

“எடுத்துடுங்க மேடம். ஆனா நான் பக்கத்துல இருக்கணும். அவர எடுக்கும்போது பெரியாஸ்பத்திரி பொணவறையில என்னைய உள்ளயே உடல.”

நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டேன். குளிரில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். முதலில் கணக்குகளை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்றினேன். அதற்கே நெடுநேரம் ஆனது. கணவர் கை ஏற்றிய ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு ஊரும் திரையில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பெயர்ப் பட்டியலைத் திறந்தேன். நீலத் திரையில் அகரவரிசையில் எங்கள் எல்லோருடைய பெயர்களும். அம்புக்குறியை இறக்கி அவர் கணவர் பெயரில் நிறுத்தினேன். அந்த வரி மட்டும் வெள்ளையாக எரிந்தது. இந்த முறை அவர் முகத்தைத் திருப்பவில்லை. நேராகப் பார்த்தார்.

“இவருக்கு மேல இருக்கறது யாரு மேடம்?”

சொன்னேன். கிடங்கில் வேலை பார்க்கும் பெரியவர்.

“கீழ?”

வசூல் பிரிவு ஆள்.

“நல்லவங்களா?”

நல்லவங்கதான்க்கா என்றேன்.

நீக்குகிற பட்டனைக் காட்டினேன். அழுத்தினால், நிச்சயமா என்று ஒரு தடவை கேட்கும், ஆம் என்று சொன்னால் போய்விடும் என்றேன். நானே அழுத்தட்டுமா என்று அவர் கேட்டதும் கீபோர்டை அவர் பக்கம் தள்ளினேன். ஆள்காட்டி விரலை வைத்தார். திரை அதன் கேள்வியைக் கேட்டது. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு லேசாக அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்கும்படி சொல்லவும் இல்லை. அப்புறம் அழுத்திவிட்டார்.

ஒரு சத்தமும் இல்லை. கீழே இருந்த பெயர் மேலே ஏறி ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான்.

“எடமே தெரியல பாருங்க” என்றார். அப்போதுதான் அழுதார். ஐப்பசியில் இருந்து அடக்கி வைத்தது எல்லாம் அந்த அறையில் வந்தது. ஏ.சி. சத்தத்தில் வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. நான் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று இருபத்து மூன்று வயதில் எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரே கேட்டார், என் பேரைப் போடறீங்களா என்று. புதுப் பெயர் ஏற்றும் இடத்தைத் திறந்து அடித்தேன். அந்தப் பெயர் ஏற்கனவே இருக்கிறது என்றது. ஆமாம், ஆலையில் இதே பெயரில் இன்னொரு அம்மாள் இருந்தார், எனக்கு மறந்துவிட்டது. அந்த மாதிரி நேரத்தில் முன்னால் இனிஷியலைச் சேர்த்துக்கொள்வோம். மேனேஜர் கொடுத்த துண்டுச் சீட்டில் பத்தாம் வகுப்பு சர்டிஃபிகேட்டில் இருக்கும் இனிஷியல், அதாவது அவருடைய அப்பாவின் எழுத்து இருந்தது.

“இனிஷியல் இதையே போடட்டுமாக்கா?”

அவர் சீட்டைப் பார்த்தார். “கல்யாணம் ஆனதுல இருந்து கையெழுத்துல அவரு எழுத்துதான் போட்டுக்கினு இருக்கேன். அதப் போட்டா எதுனா தப்பாவுமா?”

தப்புதான். சர்டிஃபிகேட்டில் இருப்பதைத்தான் போட வேண்டும் என்பது மேனேஜரின் கண்டிப்பு. நான் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அவர் கணவர் பெயரின் முதல் எழுத்தை அடித்து, அதை ஒட்டி அவர் பெயரை அடித்தேன். சேமித்துவிட்டுப் பட்டியலைத் திரும்பத் திறந்தபோதுதான் நானே அதைக் கவனித்தேன். அகரவரிசை அல்லவா? அந்த முதல் எழுத்தால் அவர் பெயர் நேராகப் போய்க் கிடங்குப் பெரியவருக்குக் கீழே, வசூல் பிரிவு ஆளுக்கு மேலே உட்கார்ந்திருந்தது. சற்று முன்பு அவர் கணவர் இருந்த அதே வரி.

அவரே மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு திரையைத் தொடாமல், தொடுகிற தூரத்தில் விரலைக் கொண்டுபோய் அந்த முதல் எழுத்தின் அருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை மேனேஜர் பின்னால் வந்து நின்றார். அந்தப் பெண் முதல் எழுத்தை அடிப்பதற்கு முன் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு அடித்துவிட்டார். மேனேஜர் அந்த எழுத்தைப் பார்த்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் சொல்லாமல் போனார். மூன்று மாதம் முடிந்ததும் வேலையும் நிரந்தரமானது.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொழுந்தன், மேனேஜரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வீட்டில் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறான், கெட்ட எண்ணத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கிளியனூரில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. வேலைக்காக எம்மவன் பேரையே அழிச்சிட்டா என்று மாமியார் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாராம். அந்தப் பெண்ணோ குழந்தையைக் கூட்டிக்கொண்டு விழுப்புரத்திலேயே ஒற்றை அறை வாடகைக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு காலை ரயிலில் எனக்கு இடம் பிடித்து வைக்க ஆள் இல்லை.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், என்னால் தாங்க முடியாமல் கேட்டேன். “அந்த எழுத்தைப் பத்தி, அந்த வரியைப் பத்தி உங்க மாமியார்கிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா? அவர் இன்னும் உள்ளதான் இருக்காருன்னு?”

சோற்றுக் கையோடு என்னைப் பார்த்தார். “அது எனக்கும் அவருக்கும் உள்ளது மேடம். அவங்க மவன் பேரை அவங்க வாயாரச் சொல்லி அழுவலாம். எனக்கு அந்த ஒரு எழுத்துதான இருக்குது.”

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணமாகி ஊரைவிட்டு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். வேறு வேறு ஊர்களில், வேறு வேறு கம்பெனிகளில் இதே வேலையைத்தான் ஓய்வு பெறும் வரை பார்த்தேன். எத்தனையோ பெயர்களை ஏற்றினேன், எத்தனையோ பெயர்களை எடுத்தேன். ஆனால் இறந்துபோன ஒருவரின் பெயரை நீக்கச் சொல்லி உத்தரவு வந்த ஒவ்வொரு முறையும், பட்டனைத் தொடுவதற்கு முன் அவருக்கு மேலே யார், கீழே யார் என்று பார்த்தேன்; அந்தப் பெயரை ஒரு தடவைகூட வாயால் சொல்லாமல் காப்பாற்றி வைத்திருக்கிற ஒருத்தி எங்கோ இருப்பாளே என்று நினைத்து என் கை தயங்காத நாளே இல்லை.